புல்லட் புராணம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "பழைய நினைவுகள் வேண்டாம்ப்பா, அது ஏகப்பட்டது வந்தாச்சு. நீ ஏதாவது சரித்திரம் மாதிரி எழுதிக் கொடு" என்றார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது திருவல்லிக்கேணியில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. 1986 மாடல் என்ஃபீல்டு புல்லட், 350 சி.சி. எங்கள் பேட்ச்சில் பலருக்கு அதைத் தெரியும். சிலர் அதைத் தள்ளியும் இருக்கிறார்கள்.

2008ல் நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய வண்டி அது. ஆர்.சி. புத்தகம் நாலு பேரில் ஒருவன் பெயரில் இருக்கிறது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மற்ற மூன்று பேரும் மேன்ஷன்வாசிகள், அவன் ஒருவன்தான் உள்ளூர்க்காரன், அவன் வீட்டில்தான் ரேஷன் கார்டு இருந்தது. இன்று அவன் வெளிநாட்டில். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போன தவணைகளில் எப்படியோ கையெழுத்து வாங்கிவிட்டேன். இந்த முறை போனில் கேட்டால், "எடைக்குப் போட்டுடுடா, இன்னும் எத்தனை நாள் அதைக் கட்டிக்கிட்டு அழப்போறே?" என்கிறான்.

எடைக்கு! ஆகவே நண்பர்களே, இந்தக் கட்டுரை அவன் ஒருவனுக்குப் பதில். நீங்களும் கூட இருந்து படிக்கலாம்.

முதலில் ஊர்ப் பெருமை கொஞ்சம். நம் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1920 வரை கிண்டியோடு சம்பந்தமே கிடையாது. சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தில்தான் இருந்தது. அதாவது நமக்கு முந்தைய தலைமுறை மாணவர்கள் நடந்தே திருவல்லிக்கேணி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நாங்கள் அந்த வழக்கத்தைப் புதுப்பித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ரெப், உதவி டைரக்டர், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்காரர், பத்திரிகை ஆபீஸ்காரர் என்று ஒரு உலகமே குடியிருந்த மேன்ஷனில், மூன்றாவது மாடி அறை ஒன்றில் மூன்று பேர். கிண்டிக்குப் பஸ். திரும்பிவர இன்னொரு பஸ். அப்படித்தான் வண்டி ஆசை வந்தது.

வண்டியை விற்றவர் ஓய்வு பெற்ற ஒரு அரசாங்க குமாஸ்தா. பெரிய தெருப் பக்கம் வீடு. முழங்கால் வலி, கிக்கரை உதைக்க முடியவில்லை, அதனால் விற்கிறார். விலை பேசி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுக்க ஒரு முழு சாயங்காலம் ஆயிற்று. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார், சாவியைக் கொடுத்தார், ஸ்பானர் செட்டை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். "அது என்னோடது" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து, துணிப்பையில் சுற்றியிருந்த அந்தச் செட்டை அறைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இது இல்லாம அதை வச்சுக்க முடியாது" என்று சொல்லிப் போனார். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

இனி சரித்திரம்.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில், ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் 1932லேயே வந்துவிட்டது. நாம் அறிந்த உருவத்துக்கு 1948தான் பிறந்த வருடம். (திருவல்லிக்கேணி ஹைரோடில் ரத்னா கஃபே ஆரம்பித்ததும் அதே 1948. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும், காலையில் வண்டி கிளம்பினால் முதலில் நிற்கிற இடம் அதுதான்.) அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்தை ஃபிரேமோடு விறைப்பாகப் பூட்டியிருப்பார்கள். குலுக்கலுக்கு மருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் மட்டும். புதிய புல்லட்டில் பின் சக்கரம் ஒரு கையில் தொங்கி மேலும் கீழும் ஆடியது. அந்த வருடம் இத்தாலியில் சான் ரெமோ நகரில் நடந்த ஆறு நாள் போட்டியில், கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் ஓட்டியது புல்லட். இரண்டு பேருக்கும் தங்கப் பதக்கம். கல்லும் குழியுமான பாதையில் சக்கரம் தரையை விடாமல் பிடித்தது என்பதுதான் விஷயம்.

கல்லும் குழியும் நம் நாட்டில் பஞ்சமா? எல்லையில் ரோந்து போக நமது ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. 1952ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. அடுத்த வருடம் வந்து இறங்கின. மலைப் பாதையில் உழைத்தன. வெறுமனே இறக்குமதி செய்து விற்கிற வியாபாரத்துக்கு அன்றைய அரசாங்கக் கொள்கையில் எதிர்காலம் இல்லை, இங்கேயே செய்தாக வேண்டும். ஆக 1955ல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1956ல் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, வருட முடிவுக்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. பிறகு அச்சுகளும் கருவிகளும்கூட இங்கே வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் எல்லா பாகமும் இங்கேயே தயாராகிவிட்டது.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். இங்கிலாந்துக்காரன் புல்லட்டை அலுத்துப்போய் 1960களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டான். 1970ல் அங்கே கம்பெனியே மூடிவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் 1950களின் வண்டி அப்படியே வெளிவந்துகொண்டிருந்தது. 1977ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி ஆரம்பம். கல்யாணப் பெண்ணைப் புகுந்த வீட்டார் பிறந்த வீட்டுக்குச் சீரோடு அனுப்பிவைத்த மாதிரி.

ஏன் மாற்றாமல் வைத்திருந்தார்கள்? பாசத்தால் என்று சொன்னால் பொய். லைசென்ஸ் பர்மிட் காலம், போட்டி கிடையாது, ராணுவமும் போலீஸும் வாங்கிக்கொண்டிருந்தன. அச்சில் போட்ட பணத்தை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை, அவ்வளவுதான். நம்மவர்கள் இதை ஏதோ பாரம்பரியப் பற்று என்று பேசும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அவசியம் 1984ல் வந்தது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100ம், பின்னாலேயே கவாசாகி பஜாஜ். எல்லாம் 100 சி.சி. ஆர்.எக்ஸ். 100 நூறு கிலோ சொச்சம் எடை, 11 குதிரை சக்தி. புல்லட் 160 கிலோவுக்கு மேல், 18 குதிரை சக்தி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எடைக்கு எடை புல்லட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. ஹீரோ ஹோண்டா குடிக்கிற பெட்ரோலைச் சொன்னால் புல்லட்காரன் பேச்சை மாற்றுவான். என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், ஃபியூரி என்று சின்ன வண்டிகள் விட்டுப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. 1993ல் டாரஸ் என்று டீசலில் ஓடும் புல்லட்கூட வந்தது. 1994ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. அப்புறமும் நிலைமை தேறவில்லை. 2000த்தில் மாதம் ஆறாயிரம் வண்டி செய்யக்கூடிய இடத்தில் சுமார் இரண்டாயிரம்தான் விற்றது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று ஐஷரில் பேச்சு வந்தபோது, இருபத்தாறு வயது சித்தார்த்த லால் தனக்கு இரண்டு வருடம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

இங்கேதான் என் கேள்வி. பெட்ரோல் குடிக்கிறது, எடை அதிகம், எண்ணெய் ஒழுகுகிறது, பிரேக் என்பது ஒரு வேண்டுகோள் மாதிரி. அப்படியும் அந்த இரண்டாயிரம் பேர் ஏன் மாதாமாதம் வாங்கினார்கள்? ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஏன் விற்கவில்லை?

ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கிறது. விபத்தில் இறந்தவரின் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்தால் ராத்திரியில் விபத்து நடந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டதாம். லாரிக்காரர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். திருவல்லிக்கேணியில் நாங்கள் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். என் விளக்கத்துக்குத் தெய்வம் தேவையில்லை. ஸ்பானர் போதும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் பெட்டி மேலே உள்ள அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் முள் டக்கென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இடது கையில் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு மயிரிழை தள்ள வேண்டும். விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டு உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி வகுப்புக்கு நொண்டிக்கொண்டு வந்த மூன்று பேரின் பெயர்களை இங்கே வெளியிடவில்லை. இந்த நாலு ஸ்ட்ரோக் சமாசாரத்தை நமக்கு வகுப்பில் படம் போட்டு ஒரு செமஸ்டர் நடத்தினார்கள். எனக்குக் காலில்தான் ஏறியது.

அடுத்தது டேப்பட். வண்டியின் வலப்பக்கம் ஒரு சின்ன மூடி, ஒரே நட். கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலே கீழே ஆடக் கூடாது. அதுதான் செட்டிங். கேஜ் வேண்டாம், மீட்டர் வேண்டாம், விரலே கேஜ். எங்கள் தெருவில் கடை வைத்திருந்த பாய் இன்னும் ஒரு படி மேல். ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வியாதியைச் சொல்லுவார். பாகம் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடைத் தாண்டி ஹாரிஸ் ரோடு வழியாகப் புதுப்பேட்டை. அங்கே கிடைக்காத புல்லட் பாகம் திருவொற்றியூரிலேயே கிடைக்காது என்பது நம்பிக்கை. 1956 வண்டிக்கும் 1986 வண்டிக்கும் பல பாகங்கள் மாற்றிப் போடலாம். கம்பெனி மாற்றாமல் இருந்தது அதன் சோம்பேறித்தனமாக இருக்கலாம், வைத்திருந்தவனுக்கு அது வரம். அவன் கற்றுக்கொண்டது எதுவும் வீண் போகவில்லை. மெக்கானிக்கும் அப்படியே. முப்பது வருட அனுபவம் என்றால், அன்று அது உண்மையிலேயே முப்பது வருட அனுபவம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் புல்லட்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அதிலும் மந்திரம் இல்லை. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஓட்டம், கனமான ஃப்ளைவீல். அதனால் நிமிடத்துக்கு அறுநூறு சுற்றில்கூட அணையாமல் நிற்கும். நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக விநாடிக்கு ஐந்து. ஐந்து வரைக்கும் காது தனித்தனியாக எண்ணும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஆயிரத்து இருநூறு சுற்றில் நிற்கும்போது விநாடிக்கு இருபது வெடி, அது வெறும் ரீங்காரம்தான். புல்லட் நின்றுகொண்டிருக்கும்போது அதன் ஒவ்வொரு மூச்சும் தனியாகக் கேட்கிறது. ஒரு மூச்சு தவறினாலும் தெரிந்துவிடும். அந்த டப் டப் டப், வைத்திருப்பவனுக்கு வண்டி தினமும் எழுதுகிற ஹெல்த் ரிப்போர்ட். ராத்திரி ஒரு மணிக்கு மேன்ஷன் மேனேஜர் இதை இப்படி எடுத்துக்கொண்டதில்லை.

2009ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பிறந்த ஊரைக் காட்டிட்டு வரலாம்டா" என்று அவன்தான் சொன்னான். ஆர்.சி. புத்தகக்காரன். பீச் ரோடு, பாரிமுனை, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று போய் வடிவுடையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தொழிற்சாலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எஞ்சினை அணைக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, தலையை மட்டும் சாய்த்துக் கேட்டார். "டைமிங் கொஞ்சம் லேட்டா இருக்கு தம்பி" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே வேலை பார்த்தவராம். எங்களிடமே ஸ்குரூடிரைவர் வாங்கி, பாயிண்ட் தட்டை ஒரு இம்மி திருப்பினார். சத்தம் மாறியது எங்களுக்கே கேட்டது. திரும்பி வரும் வழி முழுக்க என் நண்பன் வாய் திறக்கவில்லை. வாலாஜா ரோடு வந்ததும், "அவர் செஞ்ச வண்டியாவே இருக்கலாம் இல்ல?" என்றான். இதைச் சொன்னது நீதான். ஞாபகம் இருக்கிறதா?

அதே வருடம்தான் அந்தப் பழைய எஞ்சினுக்கு முடிவும் நெருங்கியது. 2000க்குப் பிறகு புது நிர்வாகத்துக்குச் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம் என்ற பழைய பிரிட்டிஷ் முறையை மாற்றாவிட்டால் புதிதாக யாரும் வாங்கமாட்டார்கள். மாற்றினால் பழையவர்கள் சண்டைக்கு வருவார்கள். மாற்றினார்கள், சண்டைக்கும் வந்தார்கள். பழைய இரும்பு எஞ்சினின் இடத்தில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த புது அலுமினிய எஞ்சின் வந்தது. 2009 நவம்பரில் கிளாசிக் வண்டிகள் வெளிவந்தன. பட்டன் ஸ்டார்ட். எண்ணெய் ஒழுகல் பெருமளவு போயிற்று. 2014ல் விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதுத் தொழிற்சாலைகள். 2020லிருந்து வந்த அடுத்த எஞ்சினில் புஷ்ராடே கிடையாது. 2024-25 நிதியாண்டில் பத்து லட்சம். மூடலாமா என்று பேசிய கம்பெனி!

புது புல்லட்டை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அருமையான வண்டி. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, இதைவிட ஒரு இன்ஜினீயர் என்ன சொல்ல வேண்டும்? பொறாமை இல்லை. ஆனால் வாங்கிய இளைஞர்களிடம் கேட்டால், அவர்கள் சீட்டைத் தவிர எதையும் கழற்றியதில்லை. கழற்றத் தேவையும் இல்லை, கோளாறு என்றால் கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்ப்பார்கள். பெட்ரோல் டேங்க்கில் கோடு போடுவதற்கு மட்டும் திருவொற்றியூர் ஆட்கள் பிரஷ்ஷைக் கையில் பிடித்து வரைந்ததை எல்லோரும் வியந்து படம் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் வண்டி முழுக்க அப்படிக் கைபட்டதுதான். அந்தப் பிள்ளைகளின் பிரியமும் உண்மைதான். அது பார்த்து வருகிற பிரியம். எங்களுடையது கைநகத்தில் கிரீஸ் ஏறி வந்தது. குமாஸ்தா பெரியவர் ஸ்பானர் செட்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டதும், பிறகு மாடியேறி வந்து கொடுத்ததும் எனக்கு இப்போது புரிகிறது.

என் நண்பனின் கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி மேல் அவனுக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. வீட்டில் அவன் ஓட்டியது ஹீரோ ஹோண்டா. அதில் வலது காலில் பிரேக். புல்லட்டில் வலது காலில் கியர், அதிலும் கீழே மிதித்தால் அடுத்த கியர். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு நாள் முன்னால் மீன்பாடி வண்டி ஒன்று திடீரென்று நிற்க, இவன் வலது காலை ஓங்கி மிதித்தான். நிற்பதற்குப் பதிலாக வண்டி மூன்றாவது கியருக்குப் போயிற்று. மீன்பாடி வண்டிக்காரர் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை மலரில் அச்சிட முடியாது. முன் மட்கார்டில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. தட்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

புகை, பெட்ரோல், பாகம் கிடைப்பது வர வரக் கஷ்டம் என்று அவன் சொல்வதும் சரி. பாய் கடையை மூடிவிட்டார், அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். டேப்பட்டை இப்போது நானே பார்க்கிறேன். தினசரி ஓட்டமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மெரினா வரை போய் ரத்னா கஃபேயில் முடிகிற ஓட்டம்தான். போன மாதம் என் பெண்ணை முன்னால் நிறுத்தி, முள்ளு நடுவுக்கு வரும்போது சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னாள். உதைக்க இன்னும் பத்து வருடம் ஆகும்.

புதுப்பிப்பதற்குத் தடவைக்குத் தடவை இவனைத் துரத்த என்னால் முடியாது. அதனால் பெயர் மாற்றத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டேன். மற்ற இரண்டு பங்காளிகளும் சம்மதம் சொல்லியாயிற்று. ஒருவன் தன் பங்குக்கு ரத்னாவில் இட்லி சாம்பார் கேட்டிருக்கிறான். ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு நீ வருகிறாய் என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். வண்டியை மெயின் பில்டிங் மணிக்கூண்டுக்கு எதிரே நிறுத்தியிருப்பேன், சாவி அதிலேயே இருக்கும். பேனா மட்டும் நீ எடுத்து வா. அப்புறம், முள்ளைப் பார்க்காமல் உதைக்காதே.